ஐந்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும் ஃபிகரை வாங்கலாமா?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான். இரண்டு வருடமாக அனிமே ஃபிகர், அதாவது ஜப்பானிய அனிமேஷன் கதாபாத்திரங்களின் சிறு சிலைகள், சேர்க்கிறீர்கள். ரொம்ப நாளாக ஆசைப்பட்ட 1/7 ஸ்கேல் (கதாபாத்திரத்தின் உயரத்தில் ஏழில் ஒரு பங்கு) ஃபிகர் ஒன்று ஒரிஜினலாக 20,000 யென்னைத் தாண்டுகிறது. அதே ஃபிகர், பெட்டியோடு, புத்தம் புதிதாக, ஐந்தில் ஒரு பங்கு விலையில் இன்னொரு விற்பனையாளரிடம் இருக்கிறது. "அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் நின்றால் யாருக்கு வித்தியாசம் தெரியப்போகிறது?" என்று கேட்கிறீர்கள். போலியால் உடம்புக்குக் கெடுதல் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், உங்களிடம் ஏற்கனவே இருக்கும் இரண்டு நெண்டோராய்டுகள் (பெரிய தலைக் குட்டி பொம்மைகள்) மீதும் இப்போது சந்தேகம் வந்துவிட்டது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ அந்தக் கடைசி வரியில்தான் உங்கள் கேள்வியே இருப்பதாகப் படுகிறது. ஏமாந்துவிட்டேனா, ஏமாந்திருந்தால் அது அவ்வளவு பெரிய விஷயமா என்பதுதான் உங்களை அரிக்கிறது.

நான் 14 வருடமாகச் சேர்க்கிறேன். அதில் பாதிக் காலமாக மற்றவர்களின் உடைந்த, சாய்ந்த, பிசுபிசுத்த ஃபிகர்களைச் சரிசெய்தும் கொடுக்கிறேன். அதனால் ஒரிஜினலும் டூப்ளிகேட்டும் சரிக்குச் சரி என் மேஜைக்கு வந்து போகின்றன. பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப்போகிறேன். வேதியியலும் சட்டமும் என் துறை அல்ல, அங்கே கால் வைக்கும்போது அதையும் சொல்லிவிடுகிறேன். பதிலை முதலிலேயே சொல்வதானால், அதை வாங்காதீர்கள். ஆனால் வாங்காதே என்பதற்கு எல்லாரும் அடுக்கும் காரணங்களில் பாதிதான் எனக்கு உடன்பாடு.

ஒரு ஃபிகர் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் மற்றதில் பெரும்பகுதி தானாகப் புரிந்துவிடும். ஜப்பானில் ஜென்கெய்ஷி என்று அழைக்கப்படும் சிற்பி முதலில் மூல உருவத்தைச் செய்கிறார். முன்பெல்லாம் கையாலேயே பிசைந்து செதுக்குவார்கள், இப்போது பெரும்பாலும் கணினியில். அதன் நகலுக்கு ஒரு வண்ணக் கலைஞர் கையால் வண்ணம் தீட்டி முழுமையான மாதிரி ஒன்றை முடிக்கிறார். அதை டெகோமாஸ் என்பார்கள். முன்பதிவுப் பக்கத்திலும் பெட்டியிலும் நீங்கள் பார்த்து மயங்கும் படம் பெரும்பாலும் இந்த மாதிரியினுடையதுதான். இடையிடையே உரிமை வைத்திருப்பவர்கள் பார்த்து, தாடை கூர்மையாக இருக்கிறது, பாவாடை மடிப்பு கதையில் இப்படி இல்லை என்று திருத்தச் சொல்வார்கள். அவர்கள் ஒப்புதல் இல்லாமல் அடுத்த கட்டம் கிடையாது. அதற்குப் பிறகுதான் உலோக அச்சு, அதில் பிவிசி, ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்குகளை வார்ப்பது, ஒட்டு வரிகளைத் தேய்ப்பது, ஏர்பிரஷ்ஷால் நிழல் கொடுப்பது எல்லாம். கண்களைத் தூரிகையால் வரைவதில்லை. மென்மையான சிலிகான் திண்டில் மையை எடுத்து, ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறமாக ஒற்றுவார்கள். இதற்கு டாம்போ அச்சு என்று பெயர்.

போலி செய்பவர் இந்த வரிசையின் கடைசியில் வந்து நிற்கிறார். கடைக்கு வந்த ஃபிகர் ஒன்றை வாங்கிப் பாகம் பாகமாகப் பிரித்து, அதன் மேலேயே அச்சு எடுக்கிறார். பிளாஸ்டிக் ஆறும்போது கொஞ்சம் சுருங்கும். முதல் அச்சு செய்தவர் அந்தச் சுருக்கத்தைக் கணக்கில் வைத்துத்தான் அளவு கொடுத்திருப்பார். ஏற்கனவே சுருங்கி முடிந்த பொருளிலிருந்து அச்சு எடுத்தால் மறுபடியும் சுருங்கும். அதனால்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் போலி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குள்ளமாக இருக்கும், கூர்மையான முடிநுனிகள் மழுங்கியிருக்கும், பாகங்கள் ஒன்றோடொன்று சரியாக உட்காராது. இதில் தொழிலாளியின் திறமையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நகலெடுத்ததை மறுபடி நகலெடுத்தால் எழுத்து மங்குவது மாதிரிதான். டெகோமாஸ் அவர் கையில் இல்லை, உரிமையாளரின் திருத்தக் குறிப்புகளும் இல்லை. நிறங்களைக் கண்ணால் பார்த்து, அதுவும் சில சமயம் படத்தைப் பார்த்து, குத்துமதிப்பாகக் கலக்க வேண்டியதுதான்.

என் முதல் நெண்டோராய்டே போலிதான். நெண்டோராய்டு என்பது குட் ஸ்மைல் கம்பெனி 2006-இல் தொடங்கிய, சுமார் 10 செ.மீ. உயரமுள்ள பெரிய தலைக் குட்டி பொம்மை வரிசை. அதில் 33-ஆம் எண்ணாக 2008-இல் வந்த ஹட்சுனே மிக்கு என்ற இரட்டைச் சடை மெய்நிகர் பாடகி, போலிக்காரர்களின் செல்லப்பிள்ளை. அதைத்தான் நானும் ஒரு ஆன்லைன் விற்பனையாளரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கி, கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். பெட்டியைத் திறந்ததும் ஸ்பிரே பெயிண்ட் கடைக்குள் நுழைந்த மாதிரி நெடி. முன்முடியைக் கழற்றிவிட்டு முகத் தகட்டை மாற்றலாம் என்பதுதான் நெண்டோராய்டின் விளையாட்டே. எனக்கு முன்முடி கழன்று வரவே இல்லை, பலம் கொடுத்து இழுத்தபோது முளை உள்ளேயே முறிந்தது. இரட்டைச் சடையில் ஒன்று பந்து மூட்டில் நிற்காமல் சரிந்துகொண்டே இருந்தது. கையில் பிடிக்கக் கொடுத்திருந்த வெங்காயத்தாளைச் சொருகினால் நழுவி விழுந்தது. இடது கண்ணின் வெள்ளைப் புள்ளி கருவிழியைத் தாண்டி ஒரு மயிரிழை வெளியே ஒற்றப்பட்டிருந்ததால், மிக்கு எந்நேரமும் என் தோளுக்குப் பின்னால் யாரையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதும் எனக்கு அது போலி என்று உறைக்கவில்லை. நெண்டோராய்டு என்றாலே இப்படித்தான் போல என்று நினைத்தேன். ஒரிஜினலை ஒருமுறையாவது கையில் பிடித்துப் பார்க்காதவருக்கு எது குறை, எது வடிவமைப்பு என்று தெரியாது. அதனால் உங்கள் சந்தேகத்துக்காக வெட்கப்படத் தேவையில்லை.

சரி, கண்டுபிடிப்பது எப்படி? முதலில் கண், அப்புறம் தோல், அப்புறம் மூட்டு என்று பார்ப்பது என் வழக்கம். கண்ணைப் பூதக்கண்ணாடியில் அல்லது ஃபோன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரிஜினலில் நிறங்கள் ஒன்றின் விளிம்பில் ஒன்று கச்சிதமாக உட்கார்ந்திருக்கும். போலியில் ஏதாவது ஒரு நிறம் விலகியிருக்கும், அல்லது இமைக்கோடு பிசிறடிக்கும். தோலில், முழங்கால், முழங்கை, விரல் மூட்டு, கழுத்துக்குழி ஆகிய இடங்களில் மெல்லிய சிவப்பு நிழல் இருக்கிறதா பாருங்கள். ஸ்கேல் ஃபிகர்களில் பணம் போகும் இடம் அதுதான், போலியில் முதலில் காணாமல்போவதும் அதுதான். மொத்த உடம்பும் ஒரே நிறத்தில், கொஞ்சம் மெழுகு போன்ற பளபளப்போடு இருந்தால் சந்தேகப்படலாம். முடியின் பக்கவாட்டில் விரலை ஓட்டினால் ஒட்டு வரி தட்டுப்படுகிறதா என்று பார்ப்பதும் நல்லது. கடைசியாக, பாதத்தின் அடியிலோ நிற்கும் தட்டின் அடியிலோ காப்புரிமை வரி பொறிக்கப்பட்டோ அச்சிடப்பட்டோ இருக்கும். பல போலிகளில் அது முழுக்கவே இருக்காது, அல்லது படிக்க முடியாதபடி கலங்கியிருக்கும்.

பெட்டியும் நிறையப் பேசும். ஸ்கேன் செய்து அடித்த பெட்டியில் நிறம் வெளுத்தோ அடர்ந்தோ போயிருக்கும், சிறிய எழுத்துகளின் ஓரம் புகைந்திருக்கும். ஜப்பானிய மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஒரே ஒரு வேலை செய்யுங்கள். கதகானா என்ற ஜப்பானிய எழுத்து வகையில் ஷி-யும் ட்சு-வும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும், கோடுகள் சாய்ந்திருக்கும் திசையில்தான் வேறுபாடு. அதேபோல ஸோ-வும் ன்-னும். படம் பார்த்துத் தட்டச்சு செய்தவர் இங்கேதான் மாட்டிக்கொள்வார். நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் உள்ள பெயரோடு பெட்டியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். டிராகன் பால், ஒன் பீஸ் போன்ற டோயி அனிமேஷன் தொடர்களின் பொருட்களில் பூனைத் தலை போட்ட டோயி ஒட்டி ஒன்று இருக்கும். அந்தப் பூனை 1969-இல் வந்த அவர்களுடைய படம் ஒன்றின் நாயகன் பேரோ, பின்னால் நிறுவனத்தின் சின்னமே ஆகிவிட்டது. ஆனால் ஒட்டியை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். அது பகுதிக்குப் பகுதி மாறும், அதையும் நகலெடுக்கிறார்கள். பார்கோடும் அப்படித்தான். ஜப்பானிய நிறுவனங்களின் 13 இலக்க எண் 45 அல்லது 49 என்று தொடங்கும். எண் சரியாக இருந்தால் எதுவும் நிரூபணமாகிவிடாது. அந்த எண்ணைத் தேடும்போது வேறு ஒரு பொருள் வந்தால் மட்டும் விஷயம் முடிந்தது.

போலிக்கு அடையாளம் என்று பரப்பப்படும் சில, அடையாளமே அல்ல. பெட்டியில் சீனத் தயாரிப்பு என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் ஏராளம். ஒரிஜினல்களில் பெரும்பான்மை சீனத் தொழிற்சாலைகளில்தான் ஆகின்றன, வியட்நாமிலும் ஆகின்றன. ஜப்பானிலேயே செய்தது என்றால் அதைத்தான் பெருமையாகத் தனியே சொல்வார்கள். குட் ஸ்மைல் தொட்டோரி மாநிலத்தின் குராயோஷியில் நடத்தும் தொழிற்சாலையிலிருந்து வருபவை அப்படி. அதேபோல, பிசுபிசுப்பு. வருடக்கணக்கில் மூடிய பெட்டியிலோ அடைத்த அலமாரியிலோ இருந்த பிவிசியில், அதை மென்மையாக வைத்திருக்கச் சேர்த்த பிளாஸ்டிசைசர் மேற்பரப்புக்குக் கசிந்து வரும். ஒரிஜினலுக்கும் இது வரும், என்னிடம் சுத்தம் செய்ய வருபவற்றில் பாதி ஒரிஜினல்தான். வெதுவெதுப்பான நீரில் மென்மையான பாத்திரச் சோப்பு இரண்டு சொட்டு விட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, காற்றோட்டமாக வைத்தால் போதும். வெயிலில் சாய்ந்துபோன கால், சின்னப் பெயிண்ட் தெறிப்பு, இவையும் தனியாக ஒன்றும் சொல்லாது. மூன்று நான்கு அறிகுறிகள் ஒன்றாகச் சேர்ந்தால்தான் நான் வாய் திறப்பேன்.

விற்பனைப் பக்கத்தின் படத்தை மட்டும் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் அந்தப் படம் நிறுவனத்தினுடையதாகவே இருக்கும். அங்கே பார்க்க வேண்டியது படத்தை அல்ல, விலையையும் இருப்பையும். எப்போதோ விற்றுத் தீர்ந்து, ஜப்பானிலேயே பெட்டியில்லாமல் பயன்படுத்தியது கூட அதைவிட அதிக விலைக்குப் போகும் ஃபிகர், ஒரே விற்பனையாளரிடம் 150 இருப்பு என்று கிடந்தால் அதற்கு மேல் ஆராய்ச்சி வேண்டாம். "சைனா வெர்ஷன்", "தொழிற்சாலையில் மிஞ்சியது", "பெட்டி மட்டும்தான் வேறு" என்பதெல்லாம் விற்கிறவர்களின் மொழி. தொழிற்சாலையில் மிஞ்சிய பொருள் வெளியே வரவே வராது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கதையோடு என் மேஜைக்கு வந்தவற்றில் ஒன்றிலாவது கண் ஒழுங்காக ஒற்றப்பட்டிருக்கவில்லை.

உடல்நலம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இது என் துறைக்கு வெளியே, அதனால் அளந்தே சொல்கிறேன். குழந்தைகள் விளையாட்டுப் பொருளில் சில தாலேட் வகைப் பிளாஸ்டிசைசர்கள் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்திலும் அமெரிக்காவிலும் விதி உண்டு, பெயிண்டில் ஈயத்துக்கும் வரம்பு உண்டு. போலி செய்பவர் இந்தச் சோதனைக்கெல்லாம் பொருளை அனுப்புவதில்லை. இது நிச்சயம். அதனால் ஒவ்வொரு போலியும் நச்சு என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. ஆய்வுக்கூடச் சோதனை இல்லாமல் எந்த ஃபிகரிலும் என்ன இருக்கிறது என்று மூக்கால் சொல்ல முடியாது. நெடி அடிப்பது பெயிண்டின் கரைப்பான் ஆறவில்லை என்பதைக் காட்டலாம், ஈயம் இருக்கிறது என்பதைக் காட்டாது. ஒரிஜினல் ஸ்கேல் ஃபிகர்களின் பெட்டியிலும் 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்றுதான் போட்டிருப்பார்கள், அவையும் குழந்தை கடித்து விளையாடுவதற்கான பொருளல்ல. கண்ணாடி அலமாரியில் நிற்கும் போலியால் உங்களுக்கு ஏதாவது ஆகும் என்று பயமுறுத்த எனக்கு மனமில்லை. வீட்டில் வாயில் வைக்கும் வயதுக் குழந்தை இருந்தால், அல்லது அதைத் தேய்த்து மணல்தாள் போடப்போகிறீர்கள் என்றால், அப்போது கதை வேறு. நான் போலியைத் தேய்க்கும்போது முகமூடி போடாமல் உட்காருவதில்லை.

அடுத்து, பணம் யாருக்குப் போகிறது என்ற விவாதம். "ஒரிஜினல் வாங்கினால்தான் அனிமேட்டர் வயிறு நிறையும்" என்பார்கள். நல்லெண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் அது பாதி உண்மை. அனிமே தொடர்களில் பெரும்பாலானவற்றைத் தயாரிப்புக் குழு என்ற ஏற்பாட்டில் எடுக்கிறார்கள். பதிப்பகம், தொலைக்காட்சி, இசை நிறுவனம், பொம்மை நிறுவனம் எல்லாம் சேர்ந்து முதல் போட்டு, வருவதைப் பங்கு பிரித்துக்கொள்ளும். அந்தக் குழுவில் முதல் போடாத ஸ்டுடியோவுக்குப் படத்தை எடுத்துக் கொடுத்த கூலியோடு சரி, பொருள் விற்பனையில் பங்கு வராது. ஆகவே உங்கள் 20,000 யென்னில் ஒரு காசு கூட அந்தக் கதாபாத்திரத்தை வரைந்த பெண்ணின் கைக்குப் போகாமல் இருக்கலாம். ஆனால் ஃபிகரைச் செய்தவர்கள் கதை அப்படியல்ல. பல பெட்டிகளின் ஓரத்தில் சிற்பியின் பெயரும் வண்ணம் தீட்டியவரின் பெயரும் சின்ன எழுத்தில் இருக்கும். அவர்கள் வேலை செய்யும் நிறுவனம் அடுத்த ஃபிகரைச் செய்யுமா, அந்தத் துணைக் கதாபாத்திரத்துக்கும் ஒன்று வருமா என்பதை முன்பதிவு எண்ணிக்கைதான் முடிவு செய்கிறது. எனக்குப் பிடித்த சிற்பிகள் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள், பெட்டியை வாங்கியதும் முதலில் அந்தப் பெயரைத்தான் தேடுவேன். போலிப் பெட்டிக்காரர் அந்தப் பெயரையும் சேர்த்தே ஸ்கேன் செய்கிறார் என்பதுதான் எனக்கு எரிச்சல்.

இதைவிட மோசமான திருட்டு ஒன்று உண்டு, புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு அது கண்ணில் படுவதில்லை. ஜப்பானின் சிபாவில் மகுஹாரி மெஸ்ஸே அரங்கில் வருடத்துக்கு இரண்டு முறை வொண்டர் ஃபெஸ்டிவல் என்ற ஃபிகர் கண்காட்சி நடக்கும். 1985-இல் தொடங்கியது, இப்போது கையோடோ நிறுவனம் நடத்துகிறது. தனி ஆட்கள் வீட்டில் செதுக்கிய சிலையை ரெசினில் வார்த்து, வண்ணம் தீட்டாத கிட்டாக, அதாவது வாங்குபவரே ஒட்டி முடிக்க வேண்டிய பாகங்களாக, அங்கே கொண்டுவந்து விற்பார்கள். இதற்கென்றே ஒருநாள் உரிமம் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. அந்த ஒரு நாளைக்கு, அந்த அரங்குக்குள், இத்தனை பிரதி என்று உரிமையாளர் அனுமதி கொடுப்பார். ஒரு ஆள் கொண்டுவருவது சில பத்துப் பிரதிகளாகத்தான் இருக்கும். அதில் ஒன்றை வாங்கிப்போய் அச்சு எடுத்து நூற்றுக்கணக்கில் விற்பதை ரீகாஸ்ட் என்கிறார்கள். பெரிய நிறுவனத்துக்குப் போலி ஒரு தலைவலி என்றால், இவருக்கு அது மொத்தமாகக் கையை ஒடிப்பது. அடுத்த முறை செதுக்க மாட்டேன் என்று விலகுவதைத் தவிர அவர் வேறென்ன செய்வார்?

எல்லாமே இப்படிக் கறுப்பு வெள்ளையாக இருந்தால் சேகரிப்பாளர்களுக்குள் சண்டையே வராது. ஜிகே (கராஜ் கிட் என்பதன் சுருக்கம்) என்று அழைக்கப்படும் பெரிய ரெசின் சிலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். சீனாவில் சிறு பட்டறைகள் சொந்தமாகச் செதுக்கி, எண்ணிட்டு, குறைந்த பிரதிகளாக வெளியிடுகின்றன. வேலைப்பாடு சில நேரம் பிரமிக்க வைக்கும், விலை அதிகாரபூர்வ ஸ்கேல் ஃபிகரைவிட அதிகம். ஆனால் பலவற்றுக்கு உரிமம் கிடையாது. இங்கே சிற்பம் திருட்டு அல்ல, கதாபாத்திரம்தான் கேட்காமல் எடுத்தது. இதையும் மழுங்கிய முகம்கொண்ட மிக்குவையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியவில்லை. அதே சமயம், ஜிகே சிலை வைத்திருப்பவர் போலி வாங்குபவரைத் திட்டுவதைப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது. என் அலமாரியில் ஜிகே இல்லை. காரணம் கொள்கை பாதி, அந்த எடையை என் கண்ணாடித் தட்டு தாங்காது என்பது பாதி. சீன நிறுவனம் என்றாலே உரிமமில்லாதது என்றும் நினைத்துவிடாதீர்கள். மியெதோஸ், ஏபெக்ஸ் போன்றவை முறையாக உரிமம் வாங்கிச் செய்கிறவை. அவற்றின் பார்கோடு 45, 49 என்று தொடங்கவில்லையே என்று பதறவும் வேண்டாம்.

இனி உங்கள் பையில் இருக்கும் பணத்துக்கு வருவோம். 20,000 யென் ஒரிஜினலா, 4,000 யென் போலியா என்று நீங்கள் தராசு பிடித்திருக்கிறீர்கள். அந்தத் தராசே தப்பு. 4,000 யென்னுக்கு எத்தனையோ ஒரிஜினல்கள் கிடைக்கும். ஜப்பானின் விளையாட்டு மையங்களில் கொக்கி இயந்திரத்தில் பரிசாக வைக்கும் ஃபிகர்களைப் பாருங்கள். அங்கே ஒரு பரிசின் சில்லறை மதிப்பு ஏறக்குறைய 1,000 யென்னைத் தாண்டக்கூடாது என்று கட்டுப்பாடு இருக்கிறது, 2022 வரை அது 800 யென்னாக இருந்தது. அந்த வரம்புக்குள் பன்பிரஸ்டோ, சேகா, டைட்டோ, ஃபுர்யூ ஆகிய பெயர்களில் வருபவற்றின் முகம், பல ஸ்கேல் போலிகளின் முகத்தைவிட எவ்வளவோ மேல். நிழல் குறைவாக இருக்கும், தட்டு சாதாரணமாக இருக்கும், ஆனால் கண் நேராகப் பார்க்கும். கொக்கி போட்டு எடுத்தவர்கள் கடைகளுக்கு விற்பதால் பிரிக்காத பெட்டியோடு 2,000 யென் அளவில் கிடைப்பவை நிறைய. வேடிக்கை என்னவென்றால் டிராகன் பால், ஒன் பீஸ் பரிசு ஃபிகர்களுக்கும் போலி உண்டு. ஒரிஜினலே மலிவாக இருக்கும் பொருளின் போலியை, கிட்டத்தட்ட அதே விலைக்கு வாங்கிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு அந்த ஒரே ஃபிகர்தான் வேண்டும் என்றால், பயன்படுத்தியதைத் தேடுங்கள். மண்டராகே, சுருகாயா, அமிஅமியின் பயன்படுத்திய பிரிவு ஆகிய ஜப்பானியக் கடைகளில் வருடக்கணக்காக வாங்குகிறேன். ஜப்பானில் பழைய பொருள் வியாபாரம் செய்யவே தனி அனுமதி எடுக்க வேண்டும், கடைக்காரர்களும் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். தவறே நடக்காது என்றில்லை, ஆனால் முன்பின் தெரியாத ஆளிடம் வாங்குவதோடு ஒப்பிட்டால் பத்திரம். அமிஅமியில் பொருளுக்கு ஒரு தரம், பெட்டிக்கு ஒரு தரம் என்று பிரித்துப் போடுவார்கள். பொருள் நன்றாக இருந்து பெட்டி நசுங்கியிருப்பதுதான் எனக்கு லாபம், பெட்டியை யார் பார்க்கிறார்கள்? இப்படி வாங்கும் பணமும் நிறுவனத்துக்கு நேராகப் போவதில்லை, அதை மறைப்பதற்கில்லை. முதலில் வாங்கியவர் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான். மறுபதிப்பு வருமா என்றும் ஒரு கண் வைத்திருங்கள். பிரபலமான ஃபிகர் மறுபடி வெளியிடப்படும் என்று அறிவித்த உடனேயே பழைய சந்தையில் விலை மளமளவென்று இறங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒருமுறை இரண்டு மடங்கு கொடுத்து வாங்கிய பத்தாவது நாள் மறுபதிப்பு அறிவிப்பு வந்து, அன்று ராத்திரி சாப்பாடே இறங்கவில்லை.

மறுவிற்பனை என்ற கோணத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள். சேகரிக்கிறவர்களின் ரசனை மாறும், இன்று உயிராக இருக்கும் தொடர் மூன்று வருடத்தில் அலுத்துவிடும். ஒரிஜினலை விற்றுப் போட்டதில் ஒரு பகுதியையாவது மீட்கலாம், சிலதில் முழுதும். போலியை நேர்மையாகப் போலி என்று சொல்லி விற்றால் வாங்க ஆளில்லை, சொல்லாமல் விற்றால் உங்களை ஏமாற்றியவரின் வேலையை நீங்கள் செய்கிறீர்கள். எல்லை தாண்டி அனுப்புவதிலும் சிக்கல் உண்டு. ஜப்பானில் 2022 அக்டோபர் 1 முதல், வெளிநாட்டு விற்பனையாளர் அனுப்பும் போலி வணிகச்சின்னப் பொருள், வாங்கியவரின் சொந்த உபயோகத்துக்கே ஆனாலும் சுங்கத்தில் பறிமுதலாகும். மற்ற நாடுகளில் விதி வேறு வேறு. உங்களுக்குப் பொருந்துவதை உங்கள் சுங்கத்துறையின் பக்கத்தில்தான் பார்க்க வேண்டும், என் பேச்சை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

கடைசியாக, உங்களிடம் இருக்கும் அந்த இரண்டு நெண்டோராய்டுகள். பலம் கொடுக்காமல் முன்முடியை நேராக முன்னால் இழுத்துப் பாருங்கள். ஒரிஜினலில் அது ஓர் அளவான இறுக்கத்தோடு வரும், திரும்ப வைத்தால் விளிம்பில் இடைவெளி இல்லாமல் உட்காரும். குளிர் காலம் என்றால் வெதுவெதுப்பான நீரில் சற்று வைத்துவிட்டு இழுங்கள், நான் செய்த மாதிரி முளையை முறித்துக்கொள்ளாதீர்கள். முகத் தகட்டின் உட்புறம், கழுத்து மூட்டு, தட்டின் அடி ஆகியவற்றைப் பாருங்கள். குட் ஸ்மைல் நிறுவனமே போலிகள் பற்றிய எச்சரிக்கைகளையும் அதிகாரபூர்வக் கடைகளின் பட்டியலையும் தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது, வாங்கிய இடம் அதில் இருந்தால் கவலையை விடுங்கள். போலி என்று உறுதியானால், வாங்கி அதிக நாள் ஆகவில்லை என்ற பட்சத்தில் பணம் செலுத்திய தளத்தில் உடனே முறையீடு போடுங்கள். நாளாகிவிட்டால் வைத்துக்கொள்ளுங்கள், அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. என் முதல் மிக்கு இன்னும் மேஜை டிராயரில்தான் இருக்கிறாள். ஏர்பிரஷ் பழகியது, ஒட்டு வரி தேய்க்கக் கற்றுக்கொண்டது, முறிந்த மூட்டில் கம்பி செருகிப் பார்த்தது எல்லாம் அவள்மேல்தான். இப்போது முடி மூன்றாவது நிறத்தில் இருக்கிறது.

இவ்வளவு பார்த்தும் முடிவுக்கு வர முடியவில்லை என்றால், பகல் வெளிச்சத்தில் மூன்று படம் எடுத்துப் போடுங்கள். கண்கள் நேருக்கு நேராக ஒன்று, முகத் தகட்டைக் கழற்றி அதன் உட்புறம் ஒன்று, தட்டின் அடிப்பக்கம் ஒன்று. பெட்டியின் முன்பக்கம் வேண்டாம், ஃபோன் படத்தில் அது எல்லாரிடமும் ஒன்றுபோலத்தான் தெரியும்.